முதல் கடி தப்பும்

அதன் செவுள்கள் சுருங்குகின்றன என்பதை முதலில் என் கண்ணாடியின் குறை என்றுதான் நினைத்தேன். எவர்சில்வர் கடையில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவன் நான். நாற்பத்தெட்டு வயதில் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியைச் சட்டை முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் குந்தி மறுபடி பார்த்தேன். தலைக்கு இரண்டு பக்கமும் சிவப்புச் சாமரம்போல விரிந்து அசைகிறவை, மாலை கட்டி மறுநாள் கழற்றிப்போட்ட சாமந்தி மாதிரி ஒடுங்கியிருந்தன. கண்ணாடியில் குறை இல்லை.

தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே கிழமாகிற ஒருவகை சாலமாண்டர் அது. வெளுத்த உடம்பு, நான்கு கால், மீனுடையதைப் போல வால், கடுகளவு கறுப்புக் கண், எந்நேரமும் சிரிப்பதுபோல அகன்ற வாய். மீன் கடைக்காரர் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. என் மனைவி ‘காலு மீனு’ என்றாள், அதுவே நின்றுவிட்டது.

விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த மீன் கடை. எங்கள் கடை சாத்தியதும் நான் அதன் முன்னால் போய் நிற்பேன். மீன்கள் எதுவும் கேட்காது என்பதால் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஒருநாள் கடைக்காரர் வெளியே வந்து, “அண்ணே, தெனம் வந்து பாத்துக்கினு நிக்கிறீங்க. நாளையில இருந்து டிக்கெட் போடலாம்னு இருக்கேன்” என்றார். நான் சிரித்து நகர்ந்திருக்கலாம். கூச்சத்தில், “இது என்னா வெலை?” என்று கைக்கு நேராக இருந்த தொட்டியைக் காட்டிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நான் வாங்கிவந்த பொருள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. அதில் உயிருள்ளது இது ஒன்றுதான்.

“மீன் வாங்கறவன் கொழம்பு வைக்கிற மாதிரி வாங்குவான். இதுக்குக் காலு வேற முளைச்சிருக்குது” என்று அன்று இரவு சாப்பாடு முடியும்வரை திட்டினாள் மனைவி. ஒரு மாதத்துக்குள் அது அவளுடையதாகிவிட்டது. துணி துவைக்கிற கல்லடியில் ஈரமண்ணைக் கிளறி மண்புழு எடுப்பாள். கழுவி, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியின் நுனியில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் நீட்டுவாள். அது மெல்ல நடந்து வந்து, வாயைத் திறந்து, லபக்கென்று கடிக்கும். முதல் கடி எப்போதும் தப்பும். புழுவுக்கு இடப்பக்கம், விரற்கடை தள்ளி, வெறும் தண்ணீரைக் கடிக்கும். பிறகு ஒரு கணம் யோசிப்பதுபோல நிற்கும். இரண்டாவது கடியில்தான் புழு வாய்க்குள் போகும். மூன்று வருடங்களில் ஒருநாள்கூட இது மாறியதில்லை.

“அடப் பொட்டக்கண்ணா! புழு இங்க இருக்குது, நீ எங்க கடிக்கிற?”

தினமும் அந்த வார்த்தை கேட்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. நான் பேசாதவன், அவள் பேசாமல் இருக்க முடியாதவள். அந்தத் தொட்டி வந்தபிறகு அவளுடைய பேச்சுக்கு ஓர் இடம் கிடைத்தது. அடுப்படியில் இருந்துகொண்டே தெருக்கதை, கடைக்காரன் கதை எல்லாம் அதற்குச் சொல்லுவாள். பக்கத்து அறையில் படுத்தபடி நானும் கேட்டுக்கொள்வேன்.

பொங்கல் கழிந்த கொஞ்சநாளில் திண்டிவனத்தில் இருக்கும் அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பிவிட்டார்கள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அக்காவுக்குக் கணவர் இல்லை, மகளும் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். என் மனைவி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்தின் ஜன்னலிலிருந்து சொன்னாள்: “தண்ணி சூடாவாம பாத்துக்கங்க. ஃபிரிட்ஜ்ல பாட்டில்ல ஐஸ் கட்டி வச்சிருக்கேன், மாத்தி மாத்திப் போடுங்க. அவன் சாப்பிடலன்னா ஒடனே எனக்குச் சொல்லணும். மூடி மறைக்காதீங்க.”

“சரி” என்றேன்.

“சரின்னு ஒத்த வார்த்தைய சொல்லிட்டு வாய மூடிக்குவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?”

சாயங்காலம் கடை முடிந்து வீடு வந்ததும் அவள் போன் வரும். முதல் கேள்வி, “சாப்ட்டுதா?” இரண்டாவது கேள்விதான், “நீங்க சாப்ட்டீங்களா?”

முதல் சில வாரம் சாப்பிட்டது. செவுள் சுருங்கத் தொடங்கியபின் புழுவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “மந்தமா இருக்குது” என்று போனில் சொன்னேன். “தண்ணிய மாத்துங்க” என்றாள். மாற்றினேன். வாலின் மேலும் கீழும் மெல்லிய திரைபோல இருந்த சவ்வு தேய்ந்தது. உடம்பின் தோல் தடித்து, ஒருநாள் காலையில் அழுக்கு முஸ்லின் துணிபோல ஏதோ ஒன்று தண்ணீரில் மிதந்தது. அது உரித்த தோல்.

பிறகு அது ஏறத் தொடங்கியது. தொட்டிக்குள் காற்று விடும் மோட்டாரின் குழாயைக் கட்டிப்பிடித்து, மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நான் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளுவேன். மறுபடி ஏறும். மறுபடி தள்ளுவேன். மீனைக் கரையில் போட்டால் சாகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். ஆகையால் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். ஏறிவரட்டும், எங்கே ஏறினாலும் தண்ணீர் இருக்கட்டும் என்று. அது மூச்சுக்காக மேலே வந்தது. நான் அதைத் தினமும் உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

மீன் கடைக்காரரிடம் போனேன். அவருக்கு எதிரில் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்கள் போகும்வரை தெருவில் நின்று, பிறகு சொன்னேன்.

“கல்லுப்பு ஒரு கை போடுங்கண்ணே. எல்லாம் சரியாப் பூடும்.”

போட்டேன். அது தொட்டிக்குள் சுவரில் சுவரில் மோதியது. அவசரமாகத் தண்ணீர் முழுவதையும் இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டேன்.

கடையில் உட்காரவே முடியவில்லை. பெயர் வெட்டும் கருவி ஈ மொய்ப்பதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் நான் அமைதியாக இருந்து பழகியவன். அந்த நாட்களில் அது என் காதுக்குள்ளேயே ஓடுவதுபோல இருந்தது. ஒரு கல்யாணச் சீருக்கு வந்த தவலை, குடம், அண்டா எல்லாவற்றிலும் பெண்ணின் பெயரை வெட்டி, இனிஷியலை விட்டுவிட்டேன். முதலாளி தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாப்பா இது? பொண்ணு ஊட்டு சீரு. இனிஷியல் இல்லாம போனா, தத்து எடுத்த பொண்ணான்னு சம்பந்தி கேக்கப் போறான்.”

விற்பனைக்கு நிற்கும் பெண்கள் சிரித்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி மடியில் வைத்து வெட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொட்டி காலி. மேலே வைத்திருந்த அட்டை ஒரு பக்கம் நகர்ந்திருந்தது.

கட்டிலடியில் பார்த்தேன். சிலிண்டருக்குப் பின்னால், செருப்புகளுக்குள், அவளுடைய புடவைகள் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். தரையில் ஓர் எறும்புச் சாரை போனது. அது எங்கே போகிறது என்று சுவரோரமாகத் தவழ்ந்து தொடர்ந்தேன். அடுப்படி அலமாரியில் சிந்தியிருந்த சர்க்கரைக்குப் போயிருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்தான். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படி மூலைக்குப் போனேன்.

ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் எனக்குச் சளி பிடிக்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் மண்பானை வைத்துவிடுவோம். அகலமான தகரத் தட்டில் ஆற்றுமணல் கொட்டி, அதன்மேல் பானை. கசிகிற தண்ணீரில் மணல் எந்நேரமும் ஈரமாக, கை வைத்தால் சில்லென்று இருக்கும். டம்ளரை எடுக்கக் குனிந்தபோது, பானைக்கும் மணலுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு வால்நுனி தெரிந்தது.

பானையை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தேன். மணலில் பானையின் அடி அழுத்திய குழியின் விளிம்பைக் குடைந்து, உடம்பெல்லாம் மணல் ஒட்ட, அது படுத்திருந்தது. தொண்டை வேகவேகமாக அடித்துக்கொண்டது. அப்போது அது கண்ணை மூடித் திறந்தது.

அதற்கு இமையே இருந்ததில்லை. மூன்று வருடம் அந்தக் கண்கள் மூடி நான் பார்த்ததே இல்லை. இப்போது இமைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

பழக்கதோஷத்தில் அள்ளிக்கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன். கல்போல இறங்கி, அடியில் புரண்டு, கால்களை அடித்துக்கொண்டு தவித்தது. சட்டைக் கையோடு உள்ளே கைவிட்டு எடுத்தேன். திரும்பவும் மணலிலேயே வைத்தேன். நகரவில்லை. தொண்டை மெல்ல மெல்ல அடங்கியது. அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மீன் கடைக்காரர் என் போனில் இருந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அடேங்கப்பா! அண்ணே, இது மாறிப் போச்சு. எப்பவாச்சும் ஒண்ணு இப்டி கரையேறிடும்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால பாத்ததில்ல. இனிமே அதுக்குத் தண்ணி ஆவாது. ஈரம் வேணும், தண்ணி வேணாம். குளிர்ச்சியா வைக்கணும்.”

“எவ்ளோ குளிர்ச்சி?”

“ஊட்டி மாதிரி.”

“விழுப்புரத்துலயா?”

அவர் சிரித்தார். “அதான் பேஜாரு.”

ஏன் மாறியது என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

பழைய தொட்டியைக் காலி செய்து, ஈரமணலும் தேங்காய் நாரும் பரப்பி, உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்துக் குகைபோல வைத்தேன். அடுப்படி மூலையில் பானைக்குப் பக்கத்திலேயே தொட்டியை வைத்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டேன். காற்றாடியை அதன் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஆனால் அது சாப்பிடவில்லை. சட்டிக்குள் புழு போட்டால் மறுநாள் புழு இருக்காது. தின்றதா, மணலுக்குள் புழு ஓடிவிட்டதா என்று தெரியாது. மணலைக் கிளறிப் பார்க்கவும் பயம். இடுப்பெலும்பு இரண்டும் தோலுக்குள்ளே துருத்தித் தெரிந்தன.

அவளிடம் சொல்லியே ஆகவேண்டும். போனில் எனக்குப் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போனேன். விக்கிரவாண்டி தாண்டும்போது நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றியது. அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு சொல்கூட மிச்சமில்லை.

அக்கா கட்டிலில் படுத்தபடி, “வாங்க. காலு மீனு காவல விட்டுட்டு வந்துட்டீங்களே, களவு போய்டப் போவுது” என்றார். இடுப்பு உடைந்தாலும் அவர் வாய் உடையவில்லை. என் மனைவி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்குது?” என்றாள் தலை நிமிராமல்.

நான் சொன்னேன்: “கொஞ்சம் மாறி இருக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல. நீ ஒரு தடவ வந்து பாத்துட்டு வந்துடு.”

பூண்டு உரிக்கும் கை நின்றது.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்வதில்லை. ‘கொஞ்சம் ஒடம்பு சரியில்லையாம், வந்து பாத்துட்டுப் போ’ என்போம். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அவளுடைய அம்மா சொந்த ஊரான கெடாரில் இறந்தபோது, செய்தி சொல்லி அவளைக் கூட்டிப்போனவன் நான்தான். ‘அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். பயப்பட ஒண்ணும் இல்ல’ என்று இதே குரலில், இதே சொற்களில் சொன்னேன். பேருந்தில் உட்கார்ந்ததும் தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டாள்.

“எப்போ போச்சி?” என்றாள் இப்போது.

“போவலம்மே. இருக்குது. மாறிப் போச்சு. காலு மீனு இப்போ தண்ணிய விட்டு வெளிய வந்துடுச்சி.”

“வெளிய வந்து செத்துப் போச்சா?”

“இல்ல, இல்ல.” போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். நாரில் படுத்த வெள்ளை உடம்பு. செவுள் இல்லை, வால் உருண்டை, கண் துருத்தல். அவள் படத்தை நீண்டநேரம் பார்த்தாள்.

“இது பல்லி.”

“அதேதான் இது.”

“என்னைச் சமாதானப்படுத்த எங்கயோ ஒரு பல்லியப் புடிச்சிக்கினு வந்து வச்சிருக்கீங்க.”

அக்கா கட்டிலிலிருந்து கையை நீட்டி போனை வாங்கிப் பார்த்தார். “பல்லியேதான். நல்லா கொழுத்த பல்லி. உங்க ஊட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டாரு, ஆனா கைவேலைல கெட்டிக்காரருடி” என்றார்.

நான் இன்னும் நிறையச் சொல்லியிருக்க வேண்டும். பானைக்கடியில் பார்த்தது, இமைத்தது, மீன் கடைக்காரர் சொன்னது எல்லாம். அதற்குள் அவள் எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிடும்போது மெதுவாக, “போனது போவுது. மூடி மறைக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்” என்றாள்.

அன்றிலிருந்து சாயங்கால போனில் அவள் முதல் கேள்வியை விட்டுவிட்டாள். “நீங்க சாப்ட்டீங்களா?” என்பதோடு சரி. அந்த வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. “அது இருக்குது” என்று நானாக ஒருமுறை சொன்னேன். “ம்” என்றாள்.

பங்குனி பிறந்ததும் வெயில் கூரையில் உட்கார்ந்துகொண்டது. காலையில் நனைத்த சாக்கு பத்து மணிக்கெல்லாம் அப்பளமாகிவிடும். மதியத்தில் ஒருமுறை நனைக்க வேண்டும். கடையிலிருந்து வீடு சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் வெளியே போவதில்லை. கொண்டுவந்த டிபனைக் கடைக்குள்ளேயே பிரிப்போம். அனுமதி கேட்க வேண்டும். இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“தினமும் மதியம் கொஞ்சநேரம் வீட்டுக்குப் போய்ட்டு வரணும்.”

“இன்னாத்துக்கு?”

அரண்டுபோய் வாயில் வந்ததைச் சொன்னேன்: “வீட்ல… உடம்பு சரியில்ல. நனைச்சித் துடைச்சி விடணும்.”

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். “யாருக்குப்பா?”

பல்லி என்பதா, மீன் என்பதா? என் மௌனத்தை அவர் தன் போக்கில் புரிந்துகொண்டார். “சரி, சரி. போய்ட்டு வா. டாக்டரு இன்னா சொல்றாரு? முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில காட்டினியா?”

“இன்னும் இல்லீங்க.”

மறுநாள் என் இருக்கையில் ஒரு பை சாத்துக்குடி இருந்தது. விற்பனைப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சைத் தாழ்த்தினார்கள். நான் மதியம் ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சாக்கை நனைத்துவிட்டு, வியர்வையில் ஊறி, முகம் கறுத்துத் திரும்பி வருவேன். பார்க்கிறவர்களுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? எல்லாரிலும் மூத்த விற்பனைப் பெண்ணிடம் என் மனைவியின் எண் இருந்தது. தீபாவளிச் சீட்டுப் பாத்திரத்துக்காக இருவரும் பேசிக்கொள்வார்கள். அவர் நல்ல மனதோடு போன் போட்டிருக்கிறார். என் மனைவி தெளிவான குரலில், திண்டிவனத்திலிருந்து பேசுகிறேன் என்றதும், அப்படியானால் நோயாளி நான்தான் என்று முடிவுகட்டியிருக்கிறார். நேராகச் சொல்லலாமா? எங்கள் பக்கத்து வழக்கப்படி சொன்னார்:

“அக்கா, அண்ணனுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லபோல. பயப்பட ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.”

இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று மதியம் நான் அடுப்படியில், சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஈரச்சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன். வெளிக்கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன்.

என் மனைவி வாசற்படியில் நின்றாள். செருப்பு இல்லை. மூச்சு இரைத்தது. தலையில் பூ இல்லை. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பக்கத்து வீடுகளில் கூட்டம் இல்லை, வாசலில் நாற்காலி போடவில்லை, நான் முழுசாக இருந்தேன்.

“நீங்க… நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். இன்னா ஆச்சி? அக்காவுக்கு…?”

“அக்காவுக்கு ஒண்ணும் இல்ல! அக்காவ அடுத்த ஊட்டு பொம்பளகிட்ட விட்டுட்டு, ஒரு பஸ்ஸு நிக்காம, ஆட்டோ புடிச்சி, செருப்ப எங்கயோ வுட்டுட்டு…” அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று பயந்து பக்கத்தில் போனேன். புறங்கையால் என் தோளில் ஓங்கி அடித்தாள்.

“உனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு போன் பண்ணாங்கய்யா உன் கடையில! வழியெல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன் நானு!”

கோபத்தில் மட்டும்தான் அவள் என்னை நீ என்பாள். நான் சாத்துக்குடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவள் பாதியில் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்கு நடுவில் மறுபடி அடித்தாள்.

“ஒரு பல்லிக்காகவா ஊரையே சாவு வீடாக்கினீங்க?”

“பல்லி இல்ல” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. தொட்டியைப் பார்த்தாள். எழுந்து வந்து சாக்கை விலக்கினாள். கவிழ்த்த சட்டியின் வாயில் வெள்ளைத் தலை தெரிந்தது. அந்தக் கண்கள் இமைத்தன.

“அதுக்குக் கண்ணு மூடாது” என்றாள்.

“இப்ப மூடுது.”

“பாக்கறதுக்கு ஒண்ணுகூட அவன மாதிரி இல்லீங்களே.”

பார்த்தால் இல்லைதான். அவள் வெளியே போனாள். கல்லடியில் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. கழுவிய புழு ஒன்றோடு வந்து, மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவினாள். இத்தனை வாரமாக நான் புழுவைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, தொந்தரவு வேண்டாம் என்று நகர்ந்துவிடுவேன். குச்சியில் நீட்ட எனக்குத் தோன்றவே இல்லை. அது அவளுடைய வேலை என்று மனதில் பதிந்திருந்தது.

குச்சி நுனியில் புழு நெளிந்தது. அவள் சட்டியின் வாய்க்கு முன்னால் நீட்டினாள். அது அசையவில்லை. அவள் குச்சியை மெல்ல ஆட்டினாள். தலை திரும்பியது. முன்னங்கால் ஒன்று வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. தண்ணீரில் மிதப்பதுபோல நடந்த அது இப்போது கனமாக, மணலில் வயிறு உராய நடந்தது. நின்றது. வாயைத் திறந்தது.

லபக்.

புழுவுக்கு இடப்பக்கம், விரற்கடை தள்ளி, வெறும் காற்றைக் கடித்தது.

“அடப் பொட்டக்கண்ணா! புழு இங்க இருக்குது, நீ…”

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அது ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, இரண்டாவது கடியில் புழுவைப் பிடித்தது. தலையை ஆட்டி ஆட்டி, கண்ணை இரண்டு தடவை மூடி விழுங்கியது.

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு புழு எடுக்கப் போனாள்.

அக்கா தனியாக இருக்கிறார் என்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, கடையில் நாளைக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “உள்ளத சொல்லுங்க. மொதல்ல சிரிப்பாங்க, அப்புறம் சும்மா இருந்துடுவாங்க” என்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் அப்போது தோன்றியது. வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மறுபடி தயக்கம் வந்துவிட்டது.

திண்டிவனம் சேர்ந்ததும் போன் வந்தது. போய்ச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை.

“சாப்ட்டுதா?”

“நீ போனப்புறம் குச்சியில ஒண்ணு குடுத்தேன். தின்னுச்சு.”

“மொதக் கடி?”

“தப்பிடுச்சி.”

பின்னால் அக்கா ஏதோ கேட்டார். “பல்லி இல்லக்கா, அவனேதான்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி என்னிடம், “சாக்கு காஞ்சி போச்சா பாருங்க” என்றாள்.

“இப்பத்தான் நனைச்சேன்.”

“எதுக்கும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க. எனக்கு இங்க இருப்பு கொள்ளல.”

எனக்கும் கொள்ளவில்லை. போனைக் காதில் வைத்தபடியே எழுந்து அடுப்படிக்குப் போனேன்.